இடது கால் கவசம்

கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன மறு வருடம், எர்ணாவூரில் ஃபைபர் படகு கட்டும் யார்டில் எனக்கு வேலை கிடைத்தது. கட்டுமரங்கள் எல்லாம் உடைந்துபோயிருந்தன. யார் யாரோ நிவாரணமாகப் படகு கொடுத்தார்கள். அச்சில் மெழுகு தடவி, ரெசின் பசையைப் பூசி, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, மறுபடி ரெசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழிகளை நசுக்க வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் அந்த இடத்தில் படகு வெடிக்கும். கை முழுக்க அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாலும் அரிக்கும். ஆனால் அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, நன்றாக வந்த முதல் விஷயம் அதுதான்.

காலடிப்பேட்டையில் என் தோஸ்து பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த குடும்பம். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், நான் பள்ளியை விடும்வரை இடம் மாறவில்லை. நான் அவனை பாய் என்பேன், அவன் என்னை மாமு என்பான். சின்ன வயதில் போலியோ வந்து அவனுக்கு இடது கால் சூம்பியிருந்தது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்த காலிபர் மாட்டிக்கொண்டுதான் நடப்பான். நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் வரும். அவன் பி.காம். முடித்தவன். எங்கள் இருவரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் அவன்தான்.

தமிழில் டப் செய்து வந்த ஒரு விண்வெளிப் படத்தை நாங்கள் மூன்று முறை பார்த்தோம். அதில் சாம்பல் நிறக் கவசம் அணிந்த சிப்பாய்கள் வரிசையாக வருவார்கள். தலை முதல் கால் வரை மூடியிருக்கும். கண் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை மட்டும். மூன்றாவது முறை பார்த்துவிட்டு வெளியே வரும்போது அவன் சொன்னான். "உள்ள பூந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான் மாமு. எவன் எந்தப் பேட்டைன்னு எவனுக்குத் தெரியும்?"

பேட்டையைப் பற்றித்தான் சொல்கிறான் என்று அப்போது நினைத்தேன்.

அவன்தான் இணையத்தில் அந்த மன்றத்தைக் கண்டுபிடித்தான். உலகம் முழுக்க அந்தக் கவசத்தை வீட்டிலேயே செய்து போடுகிறவர்கள் இருந்தார்கள். சும்மா செய்தால் போதாது, திரையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். மார்புத் தகட்டில் எத்தனை பள்ளம், தோள் மூடி எத்தனை விரல் அகலம், சாம்பல் நிறத்தில் நீலம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார்கள். செய்து முடித்தவர்கள் முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மன்றத்தின் பெரியவர்கள் பார்த்து, சரி என்றால் உறுப்பினர் எண் கொடுப்பார்கள். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சினிமாவுக்காகப் பெரிய மனிதர்கள் இவ்வளவு அடித்துக்கொள்வதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குமிழி இல்லாமல் வேலை செய்கிறவனுக்கு அது புரியும்.

யார்டு முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் மூலையில் வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். படகுக்கு வெட்டியதில் மிஞ்சிய நார்ப் பாய்த் துண்டுகளை எடுத்துக்கொள்ளவும் விட்டார். தோஸ்து படத்தின் சிடியை நிறுத்தி நிறுத்திக் காட்சிகளைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவருவான். அதை வைத்துக் களிமண்ணில் தலைக்கவசம் பிடித்து, அதன்மேல் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றினேன். எட்டு தலைக்கவசம் வீணாயிற்று. ஒன்றில் தாடை நீண்டுவிட்டது, ஒன்றில் நெற்றி சாய்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் அவன் தலையில் மாட்டிப் பார்த்து, கையிலிருந்த அச்சுப் படத்தோடு ஒப்பிட்டு, "இல்ல மாமு, காது கீழ கீது" என்பான். நானும் உடைத்துப் போடுவேன். ஒன்பதாவது சரியாக வந்தது. கண்பட்டைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை அறுத்துப் பொருத்தினோம்.

"மீன் கூடய கவுத்து வச்ச மாதிரி கீது" என்றாள் அம்மா.

சென்னையிலேயே அந்தக் கவசத்தில் ஆர்வம் உள்ளவர்கள் ஏழு பேர் இருப்பதை மன்றம் வழியாகத் தெரிந்துகொண்டோம். எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னார்கள். தலைக்கவசத்தை அரிசிச் சாக்கில் சுற்றி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். நான் சாக்கைப் பிரித்ததும் எல்லோரும் மேசைமேல் குனிந்தார்கள். அவர்களுக்குள் தாடி வைத்த ஒருவர் தலைவர் மாதிரி. அவர் தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க பாஸ் வாங்குனீங்க? அமெரிக்காலேர்ந்தா?"

"நாந்தான் சார் செஞ்சேன். எர்ணாவூர்ல."

"எர்ணாவூர் எங்க இருக்கு?" என்று ஒருத்தர் கேட்டார். பத்து மைல்கூட இருக்காது.

ஏழு பேருக்கும் கவசம் செய்வதென்று முடிவாயிற்று. ஒரு பெரிய வணிக வளாகத்தின் திறப்பு விழாவில் நாங்கள் இரண்டு பேரும் சேர்த்து எல்லோரும் அணிவகுத்துப் போவது, மன்றத்தின் அங்கீகாரத்தையும் சேர்ந்தே வாங்குவது என்பது திட்டம். ரெசினும் பாயும் அவர்கள் கொண்டுவந்தார்கள், வேலை என்னுடையது. தோஸ்து ஒவ்வொருவர் உடம்பையும் அளந்து, மன்றத்தின் விதிகளை எனக்குப் படித்துச் சொன்னான். எட்டு மாதம் போனது. அளவு விஷயத்தில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு. தாடிக்காரரே ஒரு தோள்மூடியைக் காட்டி, "இது ஓகேவா பாஸ்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். நான் கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் பார்ப்பேன். அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதற்கிடையில் எனக்கும் தோஸ்துக்கும் ஆளுக்கு ஒரு கவசம் செய்து வைத்திருந்தேன். அவனுக்கு இடது கால் கவசம் மட்டும் காலிபருக்குமேல் மூடவில்லை. அதைக் கொஞ்சம் அகலமாகப் போட்டுத் தரச் சொல்லியிருந்தான்.

"வெளிய தெரியாம பண்ணிடலாம்ல மாமு?"

"பாக்கலாம் பாய்" என்றேன். இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் அதையேதான் சொன்னேன். அகலமாகச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் ஒரு கால் ஒரு அளவு, இன்னொரு கால் ஒரு அளவு என்று என் கையால் செய்ய எனக்கு மனசில்லை.

மாட்டிப் பார்க்கும் நாள் ஏழு பேரும் இரண்டு காரில் யார்டுக்கு வந்தார்கள். பாதி முடிந்த படகுகளுக்கு நடுவில் நின்று ஒவ்வொருவராக மாட்டினார்கள். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. தோஸ்தும் தன்னுடையதை மாட்டிக்கொண்டு வந்தான். இடது கால் கவசத்தை மூட முடியாமல் கயிற்றால் கட்டியிருந்தான். டக் டக்கென்று நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

தாடிக்காரர்தான் ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அப்ரூவலுக்கு குரூப் போட்டோ, வீடியோ ரெண்டும் போகுது. ஒண்ணு தப்பா இருந்தா மொத்தமா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பாஸ் சொல்லணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோஸ்து தலைக்கவசத்துக்குள் இருந்தான், அவன் முகம் தெரியவில்லை. அகலமாகச் செய்து தருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"படத்துல ஒருத்தனும் நொண்டிகினு வரல பாய்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் என் முகத்திலும் சிரிப்பு வந்தது. அது வந்தது எனக்குத் தெரிந்தது.

அவன் ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். பிறகு தோள், மார்பு, கை, கால் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தான். எதையும் போடவில்லை, வைத்தான்.

"கரெக்ட் மாமு. அளவுன்னா அளவுதான்."

அவ்வளவுதான் சொன்னான். சென்டரைத் திறக்க வேண்டும் என்று கிளம்பிப் போனான். அவர்கள் போகும்வரை இருந்து நான் பிசிறுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துத் தாடிக்காரர் போன் செய்தார். விழாவில் அவர்கள் ஏழு பேர் மட்டும் கவசம் போடுவதாகச் சொன்னார். மன்றத்தில் உயரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறதாம், ஐந்தடி எட்டங்குலம். படத்தில் வரும் சிப்பாய்கள் எல்லாம் உயரமானவர்களாம். நான் ஐந்தடி மூன்று. "நீங்கதான் எங்க டெக்னிக்கல் ஆளு பாஸ். நீங்க பக்கத்துல இல்லன்னா நாங்க ஒண்ணுமே பண்ண முடியாது" என்றார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அந்த விதி உண்மையிலேயே இருக்கிறதா என்று படித்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. இருந்த ஆளிடம் கேட்க எனக்கு முகம் இல்லை.

விழாவுக்குப் போனேன். கழுத்தில் 'ஹெல்பர்' என்று எழுதிய அட்டை மாட்டினார்கள். கவசத்துக்குள் இருப்பவர்களுக்குக் கீழே பார்க்க முடியாது, படியில் கையைப் பிடித்து இறக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் உறிஞ்சுகுழல் போட்டு கவசத்தின் தாடைக்குக் கீழே நீட்ட வேண்டும். ஏசி குளிரில் அவர்கள் ஏழு பேரும் வரிசையாக நடந்து போனபோது கூட்டம் அப்படியே விலகி வழிவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. படத்தில்கூட அவ்வளவு நன்றாக இல்லை. ஒரு அம்மா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார், அவருடைய போட்டோவில் நான் விழுகிறேனாம்.

அங்கீகாரம் கிடைத்தது என்று செய்தி வந்தது. மன்றத்தில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள், பாருங்கள் என்றார்கள். இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தோஸ்து கல்லாவில் இருந்தான். வா என்று சொன்னான், முகத்தில் கோபம் இல்லை.

"அந்த ஃபோரம்ல இன்னா எழுதிகீறாங்கன்னு படிச்சுக் காட்டு பாய்."

ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டான். பக்கத்தைத் திறந்தான். ஒரு வரி இங்கிலீஷில் படிப்பான், பிறகு தமிழில் சொல்வான், பழைய மாதிரியே. எங்கள் குழு எட்டு மாதம் உழைத்தது. அச்சுகளை நாங்களே வடிவமைத்தோம். ஒன்பதாவது தலைக்கவசம்தான் சரியாக வந்தது. அதைக்கூட எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி வந்தது. அவன் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"ஃபைபர் வேலைக்கு உள்ளூர்ப் படகுக் கூலி ஒருத்தர் உதவி பண்ணாரு. அவருக்கு நன்றி."

"பேரு?"

"பேர் போடல."

அவன் சிரித்திருக்கலாம். உனக்கு வேணும்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நான் திட்டுவேன், அவனும் திட்டுவான், விஷயம் முடிந்திருக்கும்.

"படிச்சிட்டேன். வேற எதுனா பாக்கணுமா?" என்றான், வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அகலமான கால் கவசத்தைச் செய்தேன். காலிபரின் பட்டைக்கு உள்பக்கம் பள்ளம் விட்டு, வெளியே ஒரு நூலளவுகூடத் தெரியாதபடி செய்தேன். வலது கால் கவசத்தையும் அதே அளவுக்கு மாற்றினேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. துணியில் சுற்றி எடுத்துப்போய் அவன் கல்லாவின்மேல் வைத்தேன். அவன் பிரித்தான். உள்பக்கம் விரல் விட்டுத் தடவிப் பார்த்தான்.

"ஒரு குமிழி கூட இல்ல" என்றான்.

"மாட்டிப் பாரு பாய்."

"வோணாம் மாமு. ஆச போச்சு. நீ இன்னா பண்ணுவ."

திரும்பவும் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தான். வெளியே ஒருவர் கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்தார், அவரை உள்ளே வரச் சொன்னான்.

அந்தக் குழு இரண்டு வருடத்தில் கலைந்தது. பாதிப் பேர் வெளிநாடு போனார்கள். என் அச்சுகளைத் தாடிக்காரர் எடுத்துப் போயிருந்தார், திரும்ப வரவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் நெட் உள்ள போன் வந்தபிறகு பிரவுசிங் சென்டரை மூடிவிட்டு, தோஸ்து வண்ணாரப்பேட்டைக்கே போய்விட்டான். நான் இன்னும் படகுதான் கட்டுகிறேன்.

ஒரே ஒரு முறை ராயபுரத்தில் அவனைப் பார்த்தேன். மூன்று சக்கர ஸ்கூட்டரில் மனைவியோடு வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்து நிறுத்தினான்.

"எப்டி கீற?"

"கீறேன் பாய். நீ?"

"ஓடுது."

அவன் மனைவி என்னை யார் என்று பார்த்தார். ஸ்கூலில் ஒன்றாகப் படித்தோம் என்றான். மன்னிப்புக் கேட்க அது நல்ல நேரம்தான், நடுரோடு என்றாலும். வாயைத் திறந்தேன். பெட்ரோல் விலையைப் பற்றி என்னவோ சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

அதெல்லாம் அவன் என்றோ மறந்திருப்பான் என்று என் மனைவி சொல்கிறாள். அவனிடத்தில் நான் இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.