ஒரு வில்லை, இரண்டு நைனா

எட்டு வயதில் ஒரு மாதத்துக்கும் மேலாக என் சித்தப்பாவை நான் நைனா என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். வாய் தவறிக் கூப்பிட்டதல்ல. ஒரு வெள்ளைக்கார டாக்டருக்கு முன்னால் நின்று, கணீரென்று, தேவைக்கு மேலாகவே கூப்பிட்டேன். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று மிரட்டி வளர்த்த என் அம்மாதான் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவள்.

கோலார் தங்க வயலுக்குக் கரண்டு வராத காலம் அது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் தொப்பியில் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு இறங்குவார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு லைனில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு. மூங்கில் தட்டிதான் சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் முதுகைத் தடவிவிடலாம் போலிருக்கும். அதற்குள் நைனா, அம்மா, சித்தப்பா, நான்.

நைனாவும் சித்தப்பாவும் ஒரே ஷாப்ட்டில், ஒரே சுரங்கக் குழியில், வேலை பார்த்தார்கள். ஒரே கேஜில், கம்பியில் தொங்கும் அந்தக் கூண்டில் இறங்கி, ஒரே பாறையைத்தான் இரண்டு பேரும் உடைத்தார்கள். ஆனால் நைனா கம்பெனி ஆள். நம்பர் வெட்டிய பித்தளை வில்லை ஒன்றை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். சித்தப்பா காண்ட்ராக்ட் ஆள், ஒரு மேஸ்திரிக்குக் கீழே. வில்லை கிடையாது. வில்லை இருக்கிறவனுக்குச் சம்பளத்தில் ஆஸ்பத்திரிக்கென்று கொஞ்சம் பிடிப்பார்கள், அடிபட்டால் ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுப்பார்கள். வில்லை இல்லாதவனுக்குப் பிடிப்பும் இல்லை, கட்டிலும் இல்லை. கம்பெனி ஆளின் பெண்டாட்டி பிள்ளைக்கும் இல்லை.

அந்த வருஷம் பெரிய டாக்டர் துரைக்கு என்ன தோன்றியதோ, ஒரு யோசனை சொன்னார். வில்லைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கச் சம்மதித்தால், காண்ட்ராக்ட் ஆட்களிடமும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, லைனில் இருக்கிற எல்லோருக்கும் ஆஸ்பத்திரியைத் திறந்துவிடலாம் என்றார். ஆம்பளை, பொம்பளை, பச்சைப்பிள்ளை எல்லோருக்கும். பிடிக்கப்போவது அவர்கள் கூலியில், அதனால் அவர்களையே ஒரு வார்த்தை கேளுங்கள் என்றும் சொன்னாராம். கம்பெனி எங்களைக் கேட்டு ஒன்றைச் செய்ய நினைத்தது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அதுவும் வில்லை இருக்கிறவர்களை மட்டும்தான் கேட்டார்கள்.

அடேயப்பா, லைனே இரண்டுபட்டது. ஷிப்ட் விட்டு வந்ததும் தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவன் காலோடு திரும்ப மாட்டான் என்பார் ஒருவர். நம் பெண்களை வெள்ளைக்காரன் தொட்டுப் பார்ப்பதா என்பார் இன்னொருவர். எல்லோரையும்விடப் பெரிய குரல் எங்கள் நைனாவுடையது. அவரை எதிர்த்துப் பேசுகிற குரல் சித்தப்பாவுடையது. குழாயடியில் முடியாததை வீட்டுக்குள் கொண்டுவந்து தட்டில் போட்டுப் பிசைவார்கள்.

"எனுக்கு உடம்பு கல்லு மாதிரி கீது. கண்டவன் ஜுரத்துக்கு நான் எதுக்குடா காசு அழணும்? குடிச்சிட்டு வுழுறவனுக்கும் சேர்த்து நானா அழணும்?" என்பார் நைனா.

"மேலேருந்து வுழுற கல்லு, இவன்கிட்ட வில்ல கீதா இல்லியான்னு பாத்துட்டாண்ணா வுழுது?"

"வில்ல வேணும்னா கம்பெனில சேரு. யாரு வேணாம்னாங்க?"

"சேத்துக்கினாதானே!"

அம்மா இந்தப் பேச்சில் தலையிட்டு நான் கேட்டதில்லை. களி ஆறுகிறது என்பாள், அவ்வளவுதான். எனக்கு நைனா கட்சிதான் பிடித்திருந்தது. அவர் குரல் பெரிது, எட்டு வயதில் அது போதும்.

ஒரு நாள் காலை ஷிப்டில் சித்தப்பாவின் கால்மேல் பாறை சரிந்தது. கோணிச் சாக்கில் போட்டு நாலு பேர் தூக்கிவந்தார்கள். கூட வந்த மேஸ்திரி வாசலிலேயே நின்று, "பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எலும்பு கட்டுகிறவர் ஒருவர் எங்கள் லைனில் உண்டு. அவர் துணியை விலக்கிப் பார்த்ததும் மூடிவிட்டார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இது தன் கட்டுக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஆள் பிழைப்பான், வீட்டில் வைத்திருந்தால் மூன்று நாள் என்றார்.

அதற்குள் நைனா ஓடிவந்துவிட்டார். தொப்பியில் மெழுகு உருகி நெற்றியில் வழிந்திருந்தது. தம்பியைப் பார்த்தார், எலும்பு கட்டுகிறவரைப் பார்த்தார். அத்தனை பெரிய குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அம்மா எழுந்து அவர் பக்கத்தில் போனாள். அவர் இடுப்பிலிருந்து வில்லையை அவிழ்த்தாள். குனிந்து அதைச் சித்தப்பாவின் அரைஞாணில் கட்டினாள்.

"இன்னிலேருந்து தம்பிதான் நீங்க. நீங்கதான் தம்பி. தூக்குங்க" என்றாள்.

நாலு பேரும் தூக்கினார்கள். அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, கண்ணுக்கு நேரே விரலை ஆட்டிச் சொன்னாள். "ஆஸ்பத்திரில இவருதான் உனுக்கு நைனா. யாரு இன்னா கேட்டாலும் உங்க நைனா இன்னா சொல்லுவாரோ அத்தயே சொல்லு. மாத்திச் சொன்னே, சித்தப்பாவ வெளிய தூக்கிப் போட்டுடுவாங்க. செத்துப்பூடுவாரு."

ஆயிரக்கணக்கான பேரில் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆஸ்பத்திரியில் நம்பரைத்தான் எழுதிக்கொண்டார்கள். சித்தப்பா நைனாவாகக் கட்டிலில் படுத்தார். ஆனால் ஒரே நம்பர் கட்டிலிலும் படுத்துக்கொண்டு கேஜிலும் இறங்க முடியாதல்லவா? அதனால் நைனா மறுநாள் சித்தப்பாவாக, காண்ட்ராக்ட் கூட்டத்தில் போய் நின்றார். மேஸ்திரிக்குத் தலை இருந்தால் போதும், அது யாருடைய தலை என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் விஷயம் தெரியும். குழாயடியில் அவ்வளவு வாய் பேசியவர்கள், இதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை.

எனக்கு வேலை, தினமும் கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நைனா என்று கூப்பிடுவது. பிரமாதமாகச் செய்தேன். வாசலில் ஒரு நைனா, கட்டில் பக்கத்தில் ஒரு நைனா, கஞ்சி ஊற்றும்போது மூன்று நைனா. "போதும்டி, காது வலிக்குது" என்று சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். கட்டு மாற்றுகிற டிரெசர் ஒரு நாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவசரமாக இன்னொரு நைனா போட்டேன். "பொண்ணு அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்குய்யா" என்றார். டாக்டர் துரை காலை வெட்டவில்லை. எலும்பை உள்ளே தள்ளி, பலகை வைத்துக் கட்டி, ஜுரம் இறங்குகிறவரை தானே வந்து பார்த்தார்.

வீட்டில் நைனாதான் வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். கம்பெனி ஆட்கள் மேலே வந்த பிறகும் காண்ட்ராக்ட் ஆட்களை மேஸ்திரி விட மாட்டார். மேல்பாறைக்கு முட்டுக் கொடுக்காத இடத்தில் எல்லாம் அவர்களைத்தான் அனுப்புவார்கள். ஒரு நாள் பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்குக் கை நசுங்கி, அவரைக் கோணியில் சுற்றி வீட்டுக்கு அனுப்பினார்களாம். அதைச் சொல்லிவிட்டு நைனா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். கண்டவன் ஜுரம் என்ற பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே வேறு.

கருத்துக் கேட்கிற நாள் வந்தது. மேலே ஆபீஸ் ஜன்னலில் வில்லைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வேணும், வேணாம் என்று சொல்ல வேண்டும். படுத்துக்கிடக்கிறவர்களை விட்டுவிடக் கூடாது என்று, காலையில் முதல் வேலையாக, ஆபீஸில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். ரைட்டர் வில்லையைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், சிரித்தார்.

"ஓகோ, குழாயடியிலே நின்னு வேணாம் வேணாம்னு கத்தினது நீதானாமே? இப்ப படுத்துப் பாத்துட்டே. இப்பவாவது புத்தி வந்துதா? என்ன எழுதட்டும்?"

சித்தப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். முகம் மலர்ந்துபோயிருந்தது. நாலு மாதமாக வீட்டிலும் வெளியிலும் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு கம்பெனி ஆளும் அவரை மதித்துக் கேட்டதில்லை. இன்றைக்கு ரைட்டரே பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு கேட்கிறார். அவர் வாயைத் திறப்பதைப் பார்த்தேன். இந்த மனுஷர் எல்லாவற்றையும் மறந்து, தன் பேச்சைப் பேசிவிடப்போகிறார்! ஆஸ்பத்திரிக்காரர்கள் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள்!

"எங்க நைனா வேணாம்னுதான் சொல்லுவாரு!" என்று கத்தினேன். "எப்பவும் வேணாம்னுதான் சொல்லுவாரு! கண்டவன் ஜுரத்துக்கு நான் எதுக்கு அழணும்னு சொல்லுவாரு!"

அந்தக் கூடத்தில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் இடுப்பில் இருந்த வில்லையைக் கையால் மூடிக்கொண்டார்.

"கொயந்த சொல்றதுதான் சாமி. வேணாம்னு எழுதிக்கோங்க" என்றார்.

எனக்கு ஒரே பெருமை. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டுத்தான் அன்றைக்கு வெறும் தூக்கை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பொழுது சாய நைனா வந்தார். காண்ட்ராக்ட் ஆளானதால் அவரை யாரும் கேட்கவில்லை. ஷாப்ட்டுக்குப் போகிற வழியில் ஜன்னல் வரிசை நீண்டிருந்ததாம். ரைட்டர் வந்து சொன்னாரோ என்னவோ, அதில் நின்றவர்கள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சாம். "கால் உடைஞ்சு ஆஸ்பத்திரிலேயே படுத்துகினு கீறவன், அவனே வேணாங்கிறானாம். அங்க இன்னா லட்சணமோ!" வேணும் என்று சொல்ல வந்தவர்கள்கூடப் பயந்து மாற்றிச் சொல்லிவிட்டுப் போனார்களாம். வேணும் வேணும் என்று கத்திய தம்பியாக அது இருக்கும் என்று நைனாவுக்குத் தோன்றவே இல்லை.

"யாரு பெத்த புள்ளையோ, அவன் வாய்ல மண்ணு வுழ" என்று நைனா ஆரம்பித்தார்.

நான் குறுக்கே விழுந்து, நடந்ததை எல்லாம் நடித்தே காட்டினேன். ரைட்டர் குரல், என் குரல், சித்தப்பா குரல். முடித்துவிட்டு, தூக்கிக் கொஞ்சுவார் என்று காத்திருந்தேன். நைனா அப்படியே சுவரோரமாக உட்கார்ந்தார். அடிக்கப்போகிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"நான் சொன்னதத்தானே சொன்னே. உன் மேல இன்னா தப்பு கீது" என்றார்.

சித்தப்பா கோலூன்றிக்கொண்டு வீடு திரும்பிய அன்றே நைனா வில்லையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கோலையும் வாங்கி ஊன்றி நொண்டிக்கொண்டே ஆபீஸ் ஜன்னலுக்குப் போனார். தன் பேரில் வேணும் என்று மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டாராம். பேரேட்டைக் கட்டி மேலே அனுப்பியாகிவிட்டது, பெரும்பாலும் வேணாம்தான், டாக்டர் துரையும் அந்த யோசனையை விட்டுவிட்டார் என்றார்களாம். "நீயே உன் வாயாலே சொன்னது. உன் பொண்ணு சாட்சி" என்று வில்லையை மட்டும் பார்த்துச் சிரித்தாராம் அந்த ரைட்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நைனா ஜன்னலில் நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவ கொயந்த, தெரியாம கத்திட்டா. நீயாவது வேணும்னு சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

"இன்னாண்ணா நீ? உன் வில்லய கட்டிக்கினு, உன் கட்டில்ல படுத்துகினு, உன் பேச்சுக்கே எதிர்ப்பேச்சு பேசச் சொல்றியா? மனுசன் பண்ற காரியமா அது?" என்றார் சித்தப்பா.

"நான்தான் வேணும்னு மாறிட்டனேடா!"

"அத்த வந்து சொல்லக் கூடாதா?"

"எப்படிடா வருவேன்? நான்தான் நீயாச்சே!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நைனாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சித்தப்பாவுக்கு. குழம்பு மூக்கில் ஏறி இருமுகிறவரை சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்குகிறவரை பொறுத்திருந்தாள். அத்தனை மாதங்களில் ஆஸ்பத்திரிப் பிடிப்பைப் பற்றி அவள் பேசியது அன்றைக்குத்தான்.

"உங்க ரெண்டு பேருக்குள்ள ஒருத்தர் வில்ல ஒருத்தருக்கு ஆச்சு" என்றாள். "நான் படுத்தா யாரு வில்லய கட்டி அனுப்புவீங்க?"

நைனா தட்டைப் பார்த்தார். சித்தப்பா கோலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்மா நோயென்று படுத்து நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு சின்னக் கேள்விக்கு ஏன் எல்லோரும் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு அலுப்பாக இருந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்று என்று தட்டை நீட்டினேன். அம்மா எழுந்து வந்து ஊற்றினாள்.