குளக்கரையில் கொழுவியிருந்த திறப்பு

என் சனிக்கிழமை நடையின் மூன்றாவது கிலோமீற்றரில், வயல் வேலியின் மூலைக் கட்டையில், ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை ஐந்து கிழமைகளாகச் செருகியிருந்தது. முதற் சனிக்கிழமை அதைக் கண்டபோது யாரோ விளையாட்டுக்குச் செய்த வேலை என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை மழையில் ஊறியிருந்தது. மூன்றாம் கிழமை உறைபனியில் விறைத்து, ஐந்து விரல்களையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. என் நடைக் கொப்பியில் அதற்கும் ஒவ்வொரு கிழமையும் ஒரு வரி எழுதிவந்தேன். வேலையிடத்தில் விசாரித்தபோது, அது இந்த நாட்டு வழக்கம் என்றார்கள். தொலைந்த பொருளைக் காண்பவர் அதை நிலத்திலிருந்து எடுத்து, கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வைத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடுவாராம். தொலைத்தவர் வந்த வழியே தேடி வருவாராம். எனக்கு அது விளங்கியது. ஆனால் நம்பிக்கை வரவில்லை.

டோஸ்ட்ருப் என்ற டேனிஷ் ஊரில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறேன். வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, பொதிசெய்யும் பகுதியில் வேலை. ஒரு தட்டில் நாற்பத்திரண்டு கருவிகள் இருக்கவேண்டுமென்றால் நாற்பத்திரண்டுதான் இருக்கவேண்டும். சீனி வருத்தத்துக்கு நடக்கச்சொல்லி டொக்டர் கூறியபோது, நடையையும் அப்படியே கணக்காக வைத்துக்கொண்டேன். எங்கள் தொடர்வீடுகளின் பின்புறத்தில் தொடங்கும் ஒரு பாதை, வயல்வெளிகளுக்கு ஊடாகவும் உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழாகவும் போய், வரிசையாக நட்டு வளர்த்த காட்டுக்குள் நுழைந்து, சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் நீர் நிரம்பி உண்டான ஏரிகளைச் சுற்றி, மறுபக்கத்தால் மீண்டும் எங்கள் வீடுகளின் பின்புறத்துக்கே வந்து சேரும். முழுச் சுற்று இருபத்துநான்கு கிலோமீற்றர். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள், எங்கும் போய்ச்சேராத பாதையில் ஒரு மனிதன் ஏன் நடக்கவேண்டும் என்று கேட்பீர்கள். இங்கே அதைத்தான் நடை என்கிறார்கள். கொப்பியில் ஐந்து நிரல்கள் போட்டிருந்தேன்: புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், காலநிலை, தூரம், சுற்று. கடைசி நிரலில், சுற்று முடிந்தால் சரி, இல்லாவிட்டால் பிழை.

இன்னொரு விடயத்தையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். மனைவி ஜெயந்தியும் பிள்ளைகள் இருவரும் எப்போதோ டேனிஷ் குடியுரிமை பெற்றுவிட்டார்கள். நான்தான் மிச்சம். பேச்சுப் பரீட்சையில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை ஐம்பத்திரண்டு வயதில் சித்தியடைந்தேன். விண்ணப்பம் அனுப்பி அப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. குற்றம் எதுவும் செய்யவில்லை, இனிமேல் பொலிசாரோடு ஏதும் பிரச்சினை வந்தால் உடனே அறிவிப்பேன் என்று அதில் கையொப்பமிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு வாகனமும் இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு சைக்கிளை நிறுத்துகிறேன். ரயிலில் ஏறியபின் டிக்கெற்றை இரண்டு தடவை பார்க்கிறேன். "விண்ணப்பம் போட்ட நாளிலயிருந்து நீங்கள் மூச்சு விடுறதுக்கும் அனுமதி கேக்கிறியள்" என்று ஜெயந்தி பகிடி பண்ணுவாள்.

மார்ச் மாதத்தில் அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் புறப்பட்டேன். தென்மேற்குக் காற்று, ஐந்து பாகை, மழை இல்லை. ஏழாவது கிலோமீற்றரில் முதல் ஏரி. கரையில் உட்கார ஒரு வாங்கு, அதற்கு மேலே சாய்ந்த ஒரு பேர்ச் மரம், ஐம்பது அடி தள்ளி மூன்று கார்கள் நின்ற சிறு தரிப்பிடம். மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு கார்த் திறப்பு, ஒற்றைச் சாவியாக, மஞ்சள் நாடாவோடு ஆடிக்கொண்டிருந்தது. நேரம் பத்து நாற்பது. மரக்கிளையில் திறப்பு என்று கொப்பியில் எழுதினேன்.

உரியவர் இல்லாத பொருளைக் கண்டால் என் கால் முதலில் ஒரு அடி பின்னால் வைக்கும். பதினேழு வயதில், ஊரில் யுத்தம் நடந்த காலத்தில், நெல்லியடிச் சந்தியில், மதிலோடு சாத்தியிருந்த ஒரு சைக்கிளின் கரியரில் ஒரு பை கட்டியிருந்ததை யாரோ கண்டு குண்டு என்று கத்த, கடைக்காரர்கள் கதவுகளை இழுத்து மூடினார்கள். நாங்கள் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தோம். முக்கால் மணித்தியாலம் கழித்து, முடிவெட்டும் கடையிலிருந்து பாதி வெட்டிய தலையோடு ஒரு வாத்தியார் வெளியே வந்து, அது தான் திருத்தக் கொண்டுபோகும் பரீட்சைத் தாள்கள் என்றார். அன்று அவர் வாங்கிய ஏச்சை எந்த மாணவனும் வாங்கியிருக்க மாட்டான்.

பயம் போனபின் வந்தது இன்னொரு பழக்கம். எங்கள் கோயில் திருவிழாவில் எதைக் கண்டெடுத்தாலும் ஒலிபெருக்கி இருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோவோம். காப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும் என்று அறிவிப்பார்கள். கண்ட பொருளைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டு வருவது எங்களுக்குப் பொறுப்பில்லாத்தனம். விட்டால் அடுத்தவன் எடுப்பான். எடுத்துப் பொறுப்பான கையில் கொடுப்பவன்தான் நேர்மையானவன். கையுறையை யாரும் எடுக்கமாட்டார்கள்; அதனால் அதை விட்டேன். இதுவோ காரின் திறப்பு. அழுத்தினால் மூன்றில் ஒரு கார் கண் சிமிட்டும், எவரும் ஏறிப் போய்விடலாம். அழுத்திப் பார்த்து, எந்தக் கார் என்று நானே கண்டுபிடிக்கலாமே என்றும் தோன்றியது. ஆனால் தரிப்பிடத்தில் நின்று கார்களை நோக்கித் திறப்பை நீட்டும் என்னைத் தூரத்திலிருந்து ஒருவர் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதும் கூடவே தோன்றியது. ஒரு துண்டு எழுதி வைத்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நேரம் எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. சுற்றின் நடுவில், பன்னிரண்டாவது கிலோமீற்றரில், கோப்பியும் ஐஸ்கிறீமும் விற்கும் ஒரு கியோஸ்க் இருக்கிறது. அங்கே கொடுப்போம் என்று திறப்பை உள்பையில் வைத்து சிப்பை இழுத்து மூடினேன்.

கியோஸ்க் பூட்டியிருந்தது. ஈஸ்டருக்குத்தான் திறப்பார்கள் என்று கதவில் எழுதியிருந்தது. பதினொன்று நாற்பத்தெட்டு. கதவுக்கு முன்னால் நின்றபோதுதான், என் பையில் இருப்பது என்னுடையதல்லாத ஒரு கார் என்பது உறைத்தது. கைத்தொலைபேசியில் தேடிப்பார்த்தேன். கண்டெடுத்த பொருளை ஒப்படைக்காமல் வைத்திருப்பது இந்த நாட்டில் தண்டனைக்குரியது என்று இருந்தது. அதை மூன்று தடவை வாசித்தேன். பிறகு முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்த ஜெயந்திக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒரு திறப்புக் கண்டெடுத்தனான்" என்றேன்.

"எங்க கிடந்தது?"

"குளத்தடியில. மரத்தில கொழுவியிருந்தது."

பின்னால் யாரோ ஒரு முதியவர் அவளைக் கூப்பிடுவது கேட்டது. "கொழுவியிருந்தது எண்டா அது கண்டெடுத்தது இல்லையப்பா. எடுத்தது. ஆரோ கண்டெடுத்துக் கொழுவினதை நீங்கள் எடுத்துக்கொண்டு போறியள். திரும்பிப் போய் இருந்த இடத்தில கொழுவிவிட்டு வாங்கோ. ஒருத்தரோடயும் கதைக்க வேண்டாம்."

கியோஸ்க்கடி சுற்றின் சரிபாதி. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர். நான் வந்த வழியே திரும்பினேன். அந்த ஐந்து கிலோமீற்றரும் எப்படி நடந்தேன் என்பது கொப்பியில் இல்லை. எதிரே வந்தவர்கள் வழமைபோல் தலையசைத்து 'ஹை' சொன்னார்கள். நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குள் பொலிஸ் வாகனச் சத்தம் கேட்பதாக இரண்டு தடவை நின்று பார்த்தேன். யாராவது அங்கே நின்றால் என்ன சொல்வது என்று டேனிஷில் வாக்கியங்கள் செய்துபார்த்தேன். உண்மைக்கு ஒன்பது வாக்கியங்கள் வேண்டியிருந்தன, அவற்றில் நாலில் எனக்குச் சந்தேகம் இருந்தது. 'இது பாதையில் கிடந்தது' என்பதற்கு ஒரு வாக்கியம் போதும், பிழைவிடவும் வழியில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மரத்தடிக்கு வந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், பச்சை மழைக்கோட்டோடு, ஒரு தடியால் புல்லை விலக்கிக்கொண்டிருந்தார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. நான் திறப்பை எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, மூன்று தடவை நன்றி சொல்லி, எங்கே கிடந்தது என்று கேட்டார்.

அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. பதினான்கு மாதங்களும் நின்றன. ஆனால் என் கொப்பியில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். எழுதியதை மாற்றி எனக்குப் பழக்கமில்லை.

"கிடக்கவில்லை. இந்தக் கிளையில் தொங்கியது. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"இங்கே தொங்கியதை ஏன் எடுத்தீர்கள்?"

"யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயந்து."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "நீங்கள்தான் எடுத்தீர்கள்" என்றார்.

பிறகுதான் முழுவதும் சொன்னார். ஓட்டப்பயிற்சிக்குப் போன ஒருவர் திறப்பைப் புல்லில் கண்டு கிளையில் கொழுவியிருக்கிறார். திரும்பி ஓடிவரும்போது, நீல ஜக்கெற் போட்ட ஒருவர் மரத்தடியில் நின்று ஒரு கொப்பியில் ஏதோ எழுதுவதைக் கண்டிருக்கிறார். திறப்பைத் தேடி வந்த இந்தப் பெண்ணிடம் அதைச் சொல்ல, இவர் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். இரண்டு மணித்தியாலமாகக் காருக்குக் காவல் நின்றதாகவும், ஒருவேளை விழுந்திருக்குமோ என்று இடைக்கிடை வந்து புல்லுக்குள் தேடியதாகவும் சொன்னார். நீல ஜக்கெற்றும் கொப்பியும். என் அடையாளம் எனக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் என் முன்னாலேயே பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் பெயர் வேண்டுமாம் என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். ஒருத்தரோடும் கதைக்க வேண்டாம் என்று ஜெயந்தி சொன்னது நினைவிருந்தது. கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். இங்கே என் குடும்பப் பெயராகிவிட்ட என் தகப்பனின் பெயர், அவர்களுடைய எழுத்தில் பதினெட்டு எழுத்துகள். ஒவ்வொன்றாக வாசித்தார். நடுவில் வழி தவறி, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கினார். என் தகப்பன் உயிரோடு இருந்த காலத்தில் எந்தப் பொலிஸ் நிலையத்திலும் அந்தப் பெயர் எழுதப்படவில்லை.

"என்ன எழுதினார்கள்?" என்று கேட்டேன்.

"திறப்புக் கிடைத்துவிட்டது என்று."

"என்னைப் பற்றி?"

"உங்கள் பெயரை" என்றார், நான் கேட்டது விளங்காமல். களைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். டோஸ்ட்ருப்வரை கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். அந்தக் காருக்குள் ஏறி உட்கார எனக்கு மனம் வரவில்லை, நடக்கிறேன் என்றேன். "அடுத்த முறை அப்படியே விட்டுவிடுங்கள்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். விருந்துக்கு வந்தவர் கழுவ எடுத்த கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கி வைக்கும் குரல் அது. இருபத்தாறு வருடங்களாக இந்த நாட்டில் எனக்கு அந்தக் குரல் பழக்கம். அதில் அன்பு இல்லை என்று சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஜெயந்தியும் வேலை முடிந்து வந்திருந்தாள். பெயரைக் கொடுத்ததைச் சொன்னேன். இதைக் குடியுரிமைப் பகுதிக்கு அறிவிக்கவேண்டுமா என்றும் கேட்டேன்.

"என்னெண்டு அறிவிப்பியள்? எடுத்தவர் எண்டோ, கொண்டுவந்து குடுத்தவர் எண்டோ?" என்று கேட்டாள். பிறகு தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, "அதுசரி, சுத்தி முடிச்சிட்டியளோ?" என்றாள்.

"தூரம் முடிஞ்சுது" என்றேன்.

இதை எழுதும்வரை விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. அரசாங்கக் கடிதங்கள் வரும் டிஜிட்டல் தபால்பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தடவை திறந்து பார்க்கிறேன். எங்கோ ஒரு பொலிஸ் கணினியில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் என்னால் வாசிக்க முடியாது. அன்றைய பக்கத்தில் முதல் நான்கு நிரல்களையும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறேன். திரும்பிய நேரம் இரண்டு நாற்பது. தூரம் இருபத்துநான்கு கிலோமீற்றர், முழுச் சுற்றுக்கு வேண்டிய அதே தூரம், ஒரு மீற்றரும் குறையவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்தும் சேர்ந்திருக்கிறேன். ஆனால் ஏரியின் ஒரே கரையைத்தான் இரண்டு தடவை நடந்திருக்கிறேன். மற்றக் கரையை அன்று மிதிக்கவே இல்லை. 'சுற்று' என்ற கட்டத்தில் சரி போடுவதா பிழை போடுவதா என்று தெரியாமல் பேனையை மூடினேன். அது இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.