நாச்சம்மாளின் மூன்று மணி முறை

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் சென்னியப்பன். கூலிக்கு மண் சுமந்தே கோவிந்தாபுரத்தில் பன்னிரண்டு ஏக்கர் தென்னை வைத்தார். அப்பன் சொத்து என்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. கிளை வாய்க்காலில் முப்பத்தெட்டுப் பேருக்கு முறைத் தண்ணீர் பிரிக்கும் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். வீடு வீடாக ஆள் போய் முறை சொன்ன காலத்தை ஒழித்து, அதைப் போனில் வர வைத்தது யார்? அவர்தான். படித்தவன் எவனுக்கும் தோன்றவில்லை.

அதற்கான புரோகிராமை எழுதிக் கொடுத்தது தம்பி மகள் கௌசிகா. தினமும் காலை ஆறு மணிக்கு, யாரும் தொடாமலே, ஒரு கம்ப்யூட்டர் ஏபிஐ என்ற இணைப்பு வழியாக இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு ‘ஓட்டு’ என்று சொல்லும். அது வாய்க்கால் மட்டத்தையும் சங்கப் பதிவேட்டையும் பார்த்து, அன்றைய முறையைப் பிரித்து எல்லாருக்கும் அனுப்பும்.

மாசியில் நாச்சம்மாள் செத்துப்போனாள். வியாழக்கிழமை மூன்று மணி முறை அவளுடையது. அந்த ஒரு மணி நேரத்தைச் சத்தமில்லாமல் தன் தென்னைக்குத் திருப்பிக்கொண்டு, பட்டியலில் அவள் பேரை எடுக்கச் சொன்னார் சென்னியப்பன். கௌசிகா எடுத்தாள். அடுத்த வியாழன் காலை எல்லார் போனிலும் வந்தது: நாச்சம்மாள், மூன்று முதல் நான்கு வரை.

டீக்கடையில் தனபால் கேட்டான். “ஏனுங் தலைவரே, நாச்சம்மாக்காவுக்குத் தண்ணி விட்டுட்டீங்களா? அங்கியும் வறட்சியாமா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் வந்தாள்.

“நா அழிக்கறது அன்னைக்கு லிஸ்ட்டத்தானுங்க பெரியப்பா. அடுத்து ஓடறப்ப அது மறுபடியும் பதிவேட்டத்தான் பாக்கும். அதுல மாறோணும்னா, முறை ஆருக்குப் போச்சுன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடோணும்.”

“ஆருக்குன்னு எழுதறது?”

“அத நீங்கதானுங்க சொல்லோணும்.”

“அப்ப ஓட்டறதையே நிறுத்திப்போடு கண்ணு.”

“நிறுத்தலாமுங்க. நாளைக்கு ஒருத்தருக்கும் முறை தெரியாது. மடைல வெட்டுக்குத்து ஆயிரும்.”

கௌசிகாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நாச்சம்மாள் உயிரோடு இருந்தபோதே, போன வறட்சியில், அவளுடைய ஒரு மணி நேரத்தில் பாதியை அவர் எடுத்திருந்தார். அவள் நெல் கருகியது. அவள் சண்டைக்கு வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து மடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மடைக்குப் போனால் அவர் அந்த வரப்புப் பக்கம் திரும்புவதே இல்லை.

நாலாவது வியாழன், மூன்று மணி. மடைப் பலகையில் கை வைத்ததும் முதுகை யாரோ பார்ப்பது போல இருந்தது. திரும்பினார். வரப்பில் கோரைப்புல் மட்டும். தன் பக்கத்துப் பலகையை விட்டுவிட்டு அவள் பக்கத்தைத் தூக்கினார். தண்ணீர் வெடிப்புகளில் இறங்கியது. தரிசு நிலம் மொடக் மொடக்கென்று குடித்தது. நாலு மணி வரை நின்றார். வரப்பில் உட்காரத் துணியவில்லை.

பிறகு கௌசிகாவைப் போனில் கூப்பிட்டார். “பொள்ளாச்சில கட்டிக்குடுத்த நாச்சம்மா புள்ள ஜீவிதா இருக்கறாளல்லோ, அவ பேருக்கு எழுது. நா கையெழுத்துப் போடறேன்.”

“சரிங்க பெரியப்பா. அடுத்த ஓட்டத்துல மாறிருமுங்க.”

“போன வறட்சில பாதி மணி நாந்தான் எடுத்தேன். அதையும் எழுது.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டு நின்றது.

“அத எழுதப் பதிவேட்டுல எடமில்லீங்க பெரியப்பா.”