வெள்ளிக்கிழமை முழு நைட்

உக்கிரபாண்டிக்கு ஆலையில் வைத்த பெயர் சி.ஐ.டி. ராஜபாளையத்து நூல் ஆலை ஒன்றில் பதினெட்டு வருடம் ரிங் பிரேம் ஓட்டினார். அறுந்த நூலைக் கை பிணைத்துக்கொண்டிருக்கும், மனம் ஊர்வம்பில் கிடக்கும். காணாமல் போன சைக்கிள் ஒன்றை மூன்றே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். திருட்டுப்போன ஆட்டைத் தேடிப் போய், அந்த ஆட்டுக் கறியையே தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வந்த கதையும் உண்டு. அதை அவர் சொல்ல மாட்டார். மற்றவர்கள் சொல்லாமல் விட மாட்டார்கள்.

ஆலை வாசலுக்கு எதிரே அப்துல் ஹமீதின் டீக்கடை. கடைக்கு முன்னால் ஒரு நீள பெஞ்சு. எண்பதுகளில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால், அதைப்போல ஒரு சுகத்தைப் பிற்பாடு எதிலும் காணவில்லை என்றுதான் சொல்வார்கள். ஆலையில் மூன்று ஷிப்ட். காலை எட்டு மணிக்குப் பகல் ஷிப்ட், மாலை நாலரைக்கு அரை நைட், இரவு ஒரு மணிக்கு முழு நைட். பகல் ஷிப்ட்காரர்கள் விட்ட இடத்திலிருந்து அரை நைட்காரர்கள் பேச்சை எடுத்துக்கொள்வார்கள். சங்கு ஊதினால் ஆள் மாறும், பேச்சு மாறாது. டீ ஆறிப்போகும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

எண்பத்து மூன்றில் அந்தப் பெஞ்சுக்குப் பொன்னுராஜ் வழக்கு கிடைத்தது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

பொன்னுராஜ் சேத்தூர்க்காரர். அதே ஆலையில் வேலை. மனைவி தங்கபாய், கைப்பிள்ளை ஒன்று. ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை அரை நைட்டுக்கு வந்தவர், இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து வெளியே போனார். வீடு போய்ச் சேரவில்லை. சொந்தக்காரர்கள் செங்கோட்டை முதல் மதுரை வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் தேடினார்கள். போட்டோவோடு பேப்பரில் போட்டார்கள். ஒரு தகவலும் இல்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது, உடன் வேலை செய்த சிநேகிதர் தனுஷ்கோடி. அவரே வந்து சொன்னார்.

"வியாழக்கிழமை முழு நைட்டுல, நாலு மணி டீ பிரேக்குக்கு வெளிய வாரேன், கேட்டுல நிக்கான். வீட்டுக்குப் போகலையான்னு கேட்டா, 'நான் போறேன், இனிமே வர மாட்டேன்'ங்கான். பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு எங்கலே போறன்னு சத்தம் போட்டேன். கேக்கல, போயிட்டான். பொறவு நான் அவனப் பாக்கல."

போலீஸ்காரர்கள் அவரை இரண்டு நாள் விசாரித்துவிட்டு, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை பெரிய வழக்கு இத்தனை சுருக்கமாக முடிவதா? உக்கிரபாண்டி நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். ஆலையின் ஆஜர் பதிவேடு எப்படியோ அப்படியே கட்டம் போட்டார். நாளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம்: பகல், அரை நைட், முழு நைட். யார் எப்போது எதைப் பார்த்தார்கள் என்று கேட்டுக் கேட்டு அந்தந்தக் கட்டத்தில் எழுதினார்.

ஆலை வாசலில் முழு நைட்காரர்களுக்குச் சுக்குக்காப்பி விற்கும் கருத்தம்மாவும் சாட்சி சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை விடியக்காலம் நாலு மணி இருக்கும். பொன்னுராஜும் தனுஷ்கோடியும் கேட்டு முன்னால நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாவ."

வெள்ளிக்கிழமை. நாலு மணி என்றால் முழு நைட். உக்கிரபாண்டி வெள்ளிக்கிழமை வரிசையில் மூன்றாவது கட்டத்தில் அதை எழுதினார். தனுஷ்கோடி சொன்னது வியாழக்கிழமை வரிசையில் மூன்றாவது கட்டத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு நாள்.

அவர் நோட்டைப் பெஞ்சில் விரித்துவைத்தார்.

"இவன் வியாழக்கிழமை பாத்ததோட சரிங்கான். வெள்ளிக்கிழமை முழு நைட்டுல ரெண்டு பேரும் சண்ட போட்டத கருத்தம்மா பாத்திருக்கா. அப்போ இவன் எதுக்குப் பொய் சொல்லுதான்?"

தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் சமுத்திரம், எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாதவர், அவர்கூடத் தலையாட்டினார். எழுத்தில் இருக்கிறதே. கல்லாவில் இருந்த ஹமீது மட்டும், "பாவம்ப்பா, அவனையும் ஒரு வார்த்த கேளுங்க" என்றார். கேட்டார்கள்.

"கருத்தம்மா சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணுதாம்ப்பா" என்றார் தனுஷ்கோடி.

எப்படி ஒன்றாகும், நோட்டில் இரண்டு வரிசையில் அல்லவா இருக்கிறது என்றார்கள். அவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். கருத்தம்மாவை இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் அவளும் மகள் வீட்டோடு போய்விட்டாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கொன்று கண்மாயில் போட்டுவிட்டான் என்றார்கள். காட்டுக்குள் புதைத்துவிட்டான் என்றார்கள். தனுஷ்கோடிக்குப் பக்கத்துப் பிரேமில் நிற்க ஆள் வரவில்லை. அவர் மனைவி நாச்சியார் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுபோகும். மகளுக்குத் தேவதானத்தில் பேசிவைத்த சம்பந்தம் காரணம் சொல்லாமலே முறிந்தது. அந்தக் காரணத்தை அங்கே கொண்டு சேர்த்தது சமுத்திரத்தின் வாய். எண்பத்தைந்தில் கணக்கை முடித்துக்கொண்டு தனுஷ்கோடி குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். "குத்தமுள்ள நெஞ்சு, ஓடிட்டான்" என்று உக்கிரபாண்டி அதையும் நோட்டில் எழுதினார்.

உள்ளதைச் சொன்னால், அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் அதுதான். பேப்பரில் எந்த ஊரில் அடையாளம் தெரியாத பிணம் என்று வந்தாலும் பெஞ்சில் அவர் வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருப்பார்கள். சம்பள உயர்வு, தேர்தல், மழை இல்லாத ஐப்பசி என்று எதில் தொடங்கினாலும் பேச்சு பொன்னுராஜிடம் வந்து நிற்கும். பிரேம் ஓட்டுகிற ஒரு மனிதனைப் பத்துப் பேர் வாய் பார்த்துக் கேட்பதென்றால் சும்மாவா?

தொண்ணூற்றொன்றில் ஆலையை மூடினார்கள். சங்கு நின்றது. ஹமீது கடையை எடுத்துவிட்டு மகனோடு போய் இருந்துகொண்டார். பெஞ்சை யார் தூக்கிப் போனார்கள் என்று சி.ஐ.டி.க்கே தெரியாது. உக்கிரபாண்டி பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் பண்டல் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, பகல் வேலை மட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் சின்னப் பையன்கள், பொன்னுராஜ் என்றால் எந்தப் படத்தில் நடித்தவர் என்று கேட்பார்கள். மாலை நாலரை ஆனால் அவர் காது தானாகச் சங்கைத் தேடும்.

தொண்ணூற்றாறு ஆடியில் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். ரத வீதியில் ஒரு கிழவி கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தால், கருத்தம்மா. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆலைக்காலத்து முகம் ஒன்றைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! தராசுக்குப் பக்கத்தில் குந்தி, ஆலை கேட்டை, வாட்ச்மேனை, சுக்குக்காப்பியை எல்லாம் பேசி முடித்துப் பொன்னுராஜிடம் வந்தார்.

"அத மறக்க முடியுமாய்யா?" என்றாள் அவள். "ஆடி மூணாவது வெள்ளிக்கிழமை. விடியக்காலம் அவிய ரெண்டு பேரு சத்தத்தையும் கேட்டுட்டு வீட்டுக்குப் போயி, மாவு இடிச்சு, அன்னைக்குச் சாயங்காலந்தான் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தேன்."

"மாவிளக்கு எடுத்தது மறுநாளா?"

"வெள்ளிக்கிழமைங்கேன், மறுநாளுங்கியளே. சனிக்கிழமை யாரு மாவிளக்கு எடுப்பா?"

உக்கிரபாண்டி தேரைப் பார்க்காமலே ஊர் திரும்பினார். பரணிலிருந்து நோட்டை இறக்கினார். வெள்ளிக்கிழமை வரிசை. பகல், அரை நைட், முழு நைட். ஆலையில் வெள்ளிக்கிழமை முழு நைட் என்றால் வெள்ளி இரவு படுத்து எழுந்த பிறகு வருகிற சனிக்கிழமை விடியற்காலம். கருத்தம்மாவுக்கு ஏது ஷிப்ட்? அவள் சொன்ன வெள்ளிக்கிழமை விடியற்காலம், ஆலைக் கணக்கில் வியாழக்கிழமை முழு நைட். தனுஷ்கோடி சொன்ன அதே நேரம், அதே இடம், அதே சத்தம். வருடக்கணக்கில் முழு நைட் பார்த்த மனிதருக்கு, விடியற்காலம் முந்தின நாளின் வாலாகவே பழகிப்போயிருந்தது. பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு மளிகைக்கடைக்காரர் அந்த நோட்டைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

 இரண்டு நாள் தனுஷ்கோடி இருக்கும் இடத்தை விசாரித்தார். மூன்றாம் நாள் பஸ் ஏறினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தனுஷ்கோடி ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உக்கிரபாண்டி நின்றபடியே நோட்டை விரித்து எல்லாவற்றையும் சொன்னார். தப்பு தன்னுடையது என்றும் சொன்னார். தனுஷ்கோடி நோட்டைத் தொடக்கூட இல்லை.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்லுத? நான் கொல்லலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "பெஞ்சுல வச்சு எத்தன பேருகிட்ட சொன்ன? அம்புட்டுப் பேருகிட்டயும் போய்ச் சொல்லு."

சொல்வதற்குப் பெஞ்சு எங்கே இருக்கிறது? ஆலை இருந்திருந்தால் ஒரு சாயங்காலம் போதும், மூன்று ஷிப்டும் கேட்டிருக்கும். இப்போது வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டும் கையுமாக டவுன் பஸ் ஏறினார். பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். சிலருக்குப் பொன்னுராஜையே ஞாபகம் இல்லை, ஆனால் தனுஷ்கோடி கொலைகாரன் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. ஹமீது கேட்டுவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேவதானத்தில் சமுத்திரம் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, கயிற்றுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ வேற யாரு கொன்னுருப்பா?"

ஒரு கணம் உக்கிரபாண்டிக்குப் பழைய ஆசை உடம்பெல்லாம் ஊறியது. நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

தங்கபாயிடம் போவதைத்தான் தள்ளிக்கொண்டே போனார். புருஷனை ஒருவன் கொன்றான் என்று நம்பி ஒருத்தி பிள்ளையை வளர்த்து ஆளாக்கியிருக்கிறாள். அவளிடம் போய், இல்லையம்மா, அவன் உன்னை விட்டுவிட்டுத்தான் போனான் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வருடம் கழித்து, சேத்தூரில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் பேண்டேஜ் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசிவரை கை நிற்கவில்லை.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"போறதுக்கு முந்தின வாரமே அவிய சட்டையெல்லாம் பைக்குள்ள எடுத்து வச்சிருந்தாவ. எதுக்குன்னு கேட்டேன், பதில் சொல்லல. தனுஷ்கோடி அண்ணாச்சி சொன்னது நெசம்னு எனக்கு அப்பவே தெரியும்."

"பொறவு ஏம்மா நீ ஒரு வார்த்தகூடச் சொல்லல?"

"கொன்னுட்டாவன்னா ஊர் நம்மளப் பாத்து அழும். விட்டுட்டுப் போயிட்டான்னா சிரிக்கும். நீங்க நோட்டு போட்டு எழுதுனிய, நான் அதுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டேன்."

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினாள்.

"வில்லிபுத்தூர்ல எங்க இருக்காவ? நான் வாரேன்" என்றாள்.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது தனுஷ்கோடி தனியாகத்தான் இருந்தார். தங்கபாயைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் சொல்ல வந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அழவில்லை.   தனுஷ்கோடி ஸ்டூலை விட்டு எழுந்து, தோள் துண்டால் அதைத் துடைத்தார்.

"நீ உக்காரு தாயி. எம்புட்டு தூரத்துலருந்து வார" என்றார்.

உக்கிரபாண்டியை உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.