எல்லை தாண்டிய நாற்பது நாள்

ஆண்டில் நூற்று எண்பத்து மூன்று நாள், வேலைக்கு வந்த இந்த நாட்டில் இருந்தால்தான் வரிக்கான குடியிருப்புச் சான்றிதழ் கிடைக்கும். அது இல்லாவிட்டால் சொந்த நாட்டிலும் வரி கேட்பார்கள். அதனால்தான் அந்த வெல்டர், தன் தங்கை கல்யாணத்துக்குக்கூட ஊருக்குப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

வரி அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "நாற்பது நாள் குறையுதே. நடுக்கடல்ல எண்ணெய் எடுக்கிற ரிக்ல இருந்திருக்கீங்க. அது எல்லைக்கு வெளிய. அந்த நாளெல்லாம் சேராது."

"கம்பெனிதானே சார் அனுப்புச்சு. நானா நீந்திப் போனேன்?"

"சட்டம் அப்படி. நான் என்ன பண்ண முடியும்?"

வெல்டருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. தீப்பொறி சுட்ட கையை மேஜைமேல் ஊன்றினார்.

"நான் அங்க நின்னா அது உங்க நாடு இல்ல. சரி. அங்கிருந்து வர்ற எண்ணெய் மட்டும் எப்படி சார் உங்களுதாச்சு?"