அடுப்படியில் இரண்டு கோடு

கீழக்குயில்குடியில் என் நண்பனின் வீட்டுக்கு, மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். வெளுத்த வேட்டி, ஒட்டிய கன்னம், கையில் வெவ்வேறு கம்பெனி சிம் போட்ட இரண்டு செல்போன்கள். மனிதர் உட்காரவே இல்லை. செல்போன்களைத் தூக்கிப் பிடித்து சிக்னல் பார்த்தபடியே அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னண்ணே, கொழம்புக்கு உப்புப் பாக்க வந்தீகளா?” என்றார் நண்பனின் அம்மா.

எனக்குத்தான் எல்லாக் கம்பெனிக் கட்டணமும் மனப்பாடமாயிற்றே! “மாமா, அந்தக் கையில இருக்குற சிம் அநியாய விலை. இதுதான் மலிவு, வாசல்ல சூப்பரா எடுக்கும்” என்றேன்.

“வாசல்ல எடுத்து என்ன தம்பி? மூத்தவளக் கட்டிக்குடுத்த வீட்டுல போன் கூடத்துல இருந்துச்சு. சுத்தி அம்புட்டுப் பேரும் உக்காந்திருப்பாக. எப்பக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேம்ப்பா’ம்பா. சாகுறதுக்கு மொத நாளும் அதத்தான் சொன்னா. அடுப்படியில தனியா நிக்கையில பேச முடிஞ்சிருந்தா உண்மையச் சொல்லிருப்பா.”

மறுபடியும் இரண்டு செல்போன்களையும் தூக்கிப் பிடித்தார். விலை கூடின சிம் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு கோடு சிக்னல் காட்டியது.

“சின்னவளுக்கு இதவே வாங்கிர்றேன் தங்கச்சி” என்றார் நண்பனின் அம்மாவிடம்.

நான் எத்தனையோ தடவை உட்கார்ந்து சாப்பிட்ட அடுப்படி அது. ஒருவர் அதைப் பார்த்து இப்படிப் பயப்பட முடியும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.