காற்று வராத கிரில்

டல்லாஸில் குளிர் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. இயந்திரம் வீட்டுக்குப் பின்னால் எங்கோ முனகுகிறது. கூரைக்கு அடியில் டக்ட் என்கிற காற்றுக் குழாய் ஓடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது காற்று இறங்க அறைக்கு ஒரு கிரில், அவ்வளவுதான். ஊரில் ஏசி என்றால் சுவரில் தொங்கும் பெட்டி. அதற்கு நேர் கீழே யார் படுப்பது என்று சண்டை வரும். இங்கே குளிரை எல்லா அறைக்கும் பங்கு வைக்கிறார்கள். அந்தப் பங்கில்தான் நான் மயங்கினேன்.

பழைய இயந்திரத்தை மாற்ற வந்த வெள்ளைக்காரர் ஜன்னல்களை அளந்தார், வெயில் விழும் சுவரைத் தொட்டுப் பார்த்தார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஆறு என்றேன். நான், மனைவி, ஊரில் தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். நாம் அப்படித்தானே எண்ணுவோம். அவர் என் தோளுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நடையைப் பார்த்து, மற்றவர்கள் வெளியே போயிருக்கிறார்களா என்றார். தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரம் போகாது, பிசுபிசுக்கும் என்று விளக்கிவிட்டு, இருவருக்குத் தகுந்ததை மாட்டிப் போனார்.

ஊரில், விளாங்குடியில், தம்பி மாடி எடுத்தபோது இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். மூன்று அறை, மேற்கு ஓரத்து அறை எனக்கு, வேலையை விட்டு வந்து சேர்வதற்கு. வீடியோ காலில் சுவர் சுவராகக் கணக்குப் போட்டு மூன்று டன் என்று முடிவு செய்தோம். கப்பலூர்ப் பட்டறையில் தகரம் வெட்டி டக்ட் செய்தார்கள். வேலை முடிந்ததும் தம்பி போனை மேலே திருப்பினான். "ஒன் ரூமு கிரில்லுண்ணே. பாத்துக்க." வெள்ளை வெளேரென்று இருந்தது.

இந்தச் சித்திரையில் போனேன். மதியம் படுத்தால் அறை கொதிக்கிறது. பக்கத்து அறையில் பிள்ளைகள் போர்வைக்குள் இருந்து டிவி பார்க்கிறார்கள். கட்டில் மேல் ஏறி, கிரில்லில் கைக்குட்டையைப் பிடித்தேன். அசையவில்லை. ஏசி மாட்டிய முருகேசனை வரச் சொன்னேன். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை அவர்.

"அதுல காத்து வராதுண்ணே. டக்ட்டே இழுக்கல. மெசினு ரெண்டு டன்னு, ரெண்டு ரூமுக்குத்தான். தம்பி சொல்லலயா?"

"அப்ப கிரில்லு எதுக்கு?"

"ஒங்களுக்குப் போன்ல காட்டணும்னாரு."

தம்பி நிலைப்படியில் நின்றான். "வருசத்துல பத்து நாளு வாரவனுக்கு வருசம் பூராம் அம்புட்டுப் பெரிய மெசின ஓட்ட முடியுமாண்ணே? பெருசாப் போட்டா பிசுபிசுக்கும்னு நீதான சொன்ன. இருக்கற ஆளுக்குத் தக்கனதான போடணும்."

கணக்கு சரி. அதுதான் தாங்க முடியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த கணக்கிலேயே என்னைக் கழித்திருந்தான். கழித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், வந்தால் எங்களோடு படுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இல்லாத காற்றுக்கு ஒரு வாசல் வாங்கி, கோணாமல் பொருத்தி, நாலு ஸ்க்ரூ முடுக்கி, அதை எனக்குக் காட்டவும் செய்தான்.

இனிமேல் இழுக்க முடியாதா என்று முருகேசனைக் கேட்டேன்.

"இழுத்தா பிள்ளைக ரூமு குளுராதுண்ணே. வேணும்னா ஒங்களுக்குத் தனியா ஒரு ஸ்ப்ளிட்டு மாட்டிருவோம்."

தம்பி தரையைப் பார்த்தான். வேண்டாம் என்றேன்.

மீதி நாட்கள் பிள்ளைகள் அறையில் பாய் விரித்துக்கொண்டேன். நல்ல குளிர். சின்னவள் தன் போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டாள். சட்டை மாற்ற மட்டும் என் அறைக்குப் போவேன். பெட்டிக்குள் துணியெல்லாம் இஸ்திரி போட்டு எடுத்ததுபோலச் சுடும். அதை மாட்டிக்கொண்டு திரும்புவேன். என் அறையின் சூடு உடம்பில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு அவர்கள் வீட்டுக் குளிர் அதையும் எடுத்துக்கொள்ளும்.